பேர் எழுதிக் கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் தொழிற்சங்கத் தலைவர் தோழர் தேவராஜ் அவர்களே! கார்முகில் எந்திரத் தொழிலகத்தின் பொது மேலாளர் மதிப்பிற்குரிய சேஷகோபாலன் அவர்களே! கணவர் துலுக்கானத்தைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியார் முனியம்மா அவர்களே! வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே! ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டுவிட்டு வந்திருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டின் தோழர்களே! நாற்காலிகள் காலியாக இருந்தும் உட்காராமல், மண்டபத்தின் கடைசியில் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் எங்கள் ஒயரிங் பிரிவின் ஏழு சகோதரிகளே! உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். பதினான்கு வருடச் சண்டையை ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்க எனக்குத் தெரியாது. ஆகவே இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிறகு கேட்க மாட்டேன்.

ஆம், சண்டை என்றுதான் சொன்னேன். நான் கோவிந்தராஜ். கார்முகிலில் திட்டப் பொறியாளன். நான் உள்ளே வரும்போது வாசலில் ஒருவர், "கோவிந்தராஜா பேசப் போறாரு? துலுக்கானம் கேட்டா பாடையிலேர்ந்து எந்திரிச்சு வந்துடுவாரே!" என்று சொன்னது என் காதில் விழுந்தது. வரட்டுமே! வந்தால் என்னைவிட மகிழ்கிறவன் இந்த மண்டபத்தில் யார்? வந்து வழக்கம்போல என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டு, அவருடைய நாற்காலியில் உட்காரட்டுமே! உட்கார்ந்துவிட்டால் இந்த ஏழு பெண்களின் பிழைப்பும் நிலைத்துவிடுமே!

அதைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. இம்மாதம் ஏழாம் தேதி எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. "வரும் காலாண்டில் எந்தத் திட்டத்துக்கும் தேவைப்படாத உபரிப் பணியாளர்கள்: ஏழு. முப்பதாம் தேதியோடு விடுவிக்கப்படுவார்கள்." அவ்வளவுதான் அந்தத் தாள். ஒன்பது வருடம் உழைத்தவர்களுக்கு ஒன்றரை வரி! இன்று இருபதாம் தேதி. இன்னும் பத்து நாள் இருக்கிறது. நாம் இங்கே மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டால் அந்தப் பத்து நாளும் போய்விடும். துலுக்கானத்துக்கு அதுவா அஞ்சலி?

அவர் என்ன வேலை செய்தார் என்று எங்கள் எஸ்டேட்டிலேயே பலருக்குத் தெரியாது. அட்டையில் போட்டிருந்தது 'திட்டப் பிரிவுப் பொறுப்பாளர்' என்று. நாங்கள் சொல்வது 'பிளானிங் துலுக்கானம்'. எங்கள் தொழிலகம் ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளுகிற இடம் அல்ல. ஒருவர் வந்து எனக்கு இப்படி ஒரு எந்திரம் வேண்டும் என்பார். அது ஒரு திட்டம். இன்னொருவர் வேறு மாதிரி கேட்பார். அது இன்னொரு திட்டம். எப்போது பார்த்தாலும் எட்டொன்பது திட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஃபிட்டர்கள் இருபத்திரண்டு பேர்தான். எலக்ட்ரீசியன்கள் ஆறு பேர். கனமான பாகங்களைத் தூக்க இரண்டே செயின் பிளாக். அதிலும் ஒன்று இழுக்கும்போது அழும். ஒரே முகூர்த்தத்தில் ஊரில் ஆறு கல்யாணம், சமையல்காரர் ஒரே ஒருவர் என்றால் எப்படியிருக்கும்? அந்தச் சமையல்காரரை எந்த வீட்டுக்கு எந்த நேரம் அனுப்புவது என்று தீர்மானிப்பதுதான் துலுக்கானத்தின் வேலை. பந்தியில் உட்கார்ந்தவனிடமும் திட்டு வாங்குவார், பந்திக்குக் காத்திருப்பவனிடமும் வாங்குவார்.

பந்தி விஷயத்தில் நாங்கள் என்ன யோக்கியர்களா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு திட்டப் பொறியாளனும் எனக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று படிவம் எழுதித் தர வேண்டும். இன்டென்ட் என்போம். ஆறு பேர் வேண்டுமானால் பத்து என்று எழுதுவோம். ஏன்? மேலே எப்படியும் வெட்டுவார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நாங்கள் எல்லோருமே அழுதோம், பசி இல்லாதவனும் அழுதான். துலுக்கானமோ ஒவ்வொருவனின் பொய்யையும் தனித்தனியாக அளந்து வைத்திருந்தார். என் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்வார்:

"இன்னா நைனா, பத்து கேட்டுகீறே? உனுக்கு ஆறு போதும். மீதி நாலு பேரு இன்னாத்துக்கு, பேன் காத்து வாங்கவா?"

சரியாக ஆறு! எப்படிக் கண்டுபிடித்தார்? பொறியியல் படித்த எனக்கு ஆத்திரமாக வரும். என் தகப்பனார் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு பீரங்கி வண்டித் தொழிற்சாலைக்குப் போய் உழைத்துப் படிக்கவைத்த படிப்பு! எட்டாவது வரை படித்த ஒருவர் என் கணக்கை அடித்துத் திருத்துவதா என்று கொதித்தேன். கத்தினேன். அவரும் கத்தினார். எங்கள் சண்டையைக் கேட்க லேத் பிரிவில் எந்திரத்தை நிறுத்திவிட்டு வருவார்கள். இந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து குறிப்பே வந்திருக்கிறது. எங்களுக்கு அல்ல, லேத்துக்காரர்களுக்கு.

எண்பத்திரண்டில் எனக்கு ஒரு வீம்பு வந்தது. இந்த மனிதர் வெட்டுவார் என்றுதானே கூட்டி எழுதுகிறோம், ஒருமுறை உள்ளதை உள்ளபடி எழுதிப் பார்ப்போம் என்று. ராணிப்பேட்டைக்குப் போக வேண்டிய ஓர் எந்திரம். ஐந்து ஃபிட்டர் வேண்டும். ஐந்து என்றே எழுதினேன். ஒருவர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. துலுக்கானம் வாங்கினார், பார்த்தார், கோவிந்தராஜ் ஐந்து என்றால் மூன்று என்று பழக்கத்தில் அடித்துவிட்டார்! மூன்று பேரை வைத்துக்கொண்டு நான் இருபது நாள் திண்டாடினேன். இறுதியில் எந்திரத்தை ஏற்ற வேண்டிய தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பாதி எந்திரம் தரையில் கிடந்தது. நான் அவருடைய மேசைக்குப் போய் என் கையால் எழுதிய படிவத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "ஐந்து கேட்டேன். உண்மையிலேயே ஐந்து. இந்த ஒரு தடவை நான் பொய் சொல்லவில்லை!" என்று கத்தினேன். அந்த மனிதர் அதை வாங்கிக்கொண்டார். படிவத்தை இரண்டு தடவை படித்தார். எழுந்தார்.

"தப்பு என்துதான் நைனா. கையிலே ஆள் இல்ல. ரெண்டு ஆளுக்கு எங்க போறது? நான் ஒருத்தன் கீறேன்ல, என்னை எடுத்துக்கோ."

சட்டையைக் கழற்றிவிட்டு நீல உடுப்பைப் போட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. ஒன்பது நாள் என் கீழே, ஆம், என் கீழே ஃபிட்டராக வேலை செய்தார். நான் 'ஸ்பானரை எடுங்கள்' என்றால் எடுத்தார். எந்திரத்தின் அடியில் படுத்துப் போல்ட் முடுக்கினார். ஃபிட்டராகச் சேர்ந்து மேலே வந்தவர்தானே, கை மறக்கவில்லை. அந்த எந்திரம் குறித்த நாளில் லாரி ஏறியது. தன் தவற்றுக்கு மன்னிப்புக் கேட்கிற அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களே குறைவு, அது வேறு. தன் தவற்றால் குறைந்த ஆளின் இடத்தில் தன்னையே ஒதுக்கிக்கொண்ட ஒருவரை, தோழர்களே, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அதற்குப் பிறகுதான் அவர் எங்கள் எல்லோரையும் மடக்கினார். அடுத்த காலாண்டுக்குப் படிவம் கொண்டுபோனால் திருப்பிக் கொடுத்துவிட்டார். எண்ணிக்கை எழுதாதே, பேரை எழுது என்றார். "அஞ்சு பேருனு எய்துனா நான் மூணுனு அடிப்பேன், கை பழகிடுச்சு. செங்கல்வராயன்னு எய்து. செங்கல்வராயனை எப்பிடி நான் பாதியா அடிக்கிறது?" என்றார். அதோடு விடவில்லை. எழுதுவதற்கு முன்னால் அந்த ஆளிடமே போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும். கேட்காமல் எழுதினால் தாளைக் கிழித்துவிடுவார்.

இந்தச் செங்கல்வராயன் கதையையே சொல்கிறேன், இதோ நாலாவது வரிசையில் இருக்கிறார். நான் ஓசூரில் எந்திரம் நிறுத்த ஒரு மாதத்துக்கு இவர் பேரை எழுதியிருந்தேன். கேட்காமல்தான்! துலுக்கானம் என்னை நேரே கூட்டிக்கொண்டு இவர் வேலை செய்கிற இடத்துக்குப் போய், "இவரு உன்னைய ஓசூருக்கு இட்டுகினு போறாராம், போறியா?" என்றார். செங்கல்வராயன் தலையைச் சொறிந்தார். "ஊட்ல மாசமா கீது அண்ணாத்தே" என்றார். மனைவிக்கு ஒன்பதாம் மாதம். எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று தினமும் வேலை வாங்குகிறவன் நான், எனக்குத் தெரியாது! பேரை எழுதச் சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டிவரும், முகத்தைப் பார்த்தால் வீட்டைக் கேட்க வேண்டிவரும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. எங்களுக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. ஆனால் ஒன்று, அன்று முதல் கார்முகிலில் எவனும் ஆள் எண்ணிக்கையில் பொய் சொல்ல முடியவில்லை. இல்லாத ஆளுக்கு யார் பேரை எழுதுவது?

கொடுப்பது மட்டுமா அவர் வேலை? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! சட்டியில் இல்லாதபோது எங்கிருந்தாவது கொண்டுவந்து போடுவார். எண்பத்தைந்து மழையில் எஸ்டேட்டே குளமாகிக் கிடந்தபோது, ரயிலும் நின்றுவிட்டது, பருத்திப்பட்டு ஏரி நிறைந்து தெருவெல்லாம் தண்ணீர். வீட்டில் முடங்கிக் கிடந்த எங்கள் ஆட்களைத் தேடி டிராக்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வாசலில் நின்று கூப்பிட்டார், வர முடிந்தவர்கள் ஏறிக்கொண்டார்கள். பதினொரு பேர் வந்தார்கள். பன்னிரண்டாவதாக வந்தவர் எங்கள் ஆளே இல்லை, பக்கத்துக் கம்பெனிக்காரர். "சும்மா குந்தினுகீறதுக்கு வரேன்" என்று ஏறியவர், மூன்று நாள் எங்களோடு எந்திரங்களைத் தூக்கி மேடேற்றிவிட்டுத்தான் போனார். அவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். கையைத் தூக்க வேண்டாம் ஐயா, உங்கள் கம்பெனிக்குத் தெரிந்துவிடும்.

தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நேரம்' என்று எழுதியிருக்கிறது. நன்றி தோழரே. பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது அந்த ஏழு பேரின் கதைக்கு வருகிறேன். எண்பத்து நான்கில் எங்கள் எந்திரங்களுக்கு நாங்களே மின்சாரப் பேனல் செய்ய ஆரம்பித்தோம். ஒரு பேனலுக்குள் நானூறு ஐந்நூறு ஒயர் ஓடும். அவற்றைக் கற்றை கற்றையாகச் சேர்த்து, மெழுகு நூலால் விரற்கடைக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். இருந்த ஆறு எலக்ட்ரீசியன்களும் இதில் முழிபிதுங்கினார்கள். தடித்த விரல், நூல் நிற்கவில்லை. வெளியிலிருந்து ஆள் எடுக்க அனுமதி இல்லை. என் பேனல் பாதியில் நின்றது. நான் வழக்கம்போல அவரிடம் போய்க் கத்தினேன். மத்தியான இடைவேளையில் துலுக்கானம் ஒரு கற்றை ஒயரையும் நூலையும் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார். நானும் இரண்டு எலக்ட்ரீசியன்களும் பின்னாலேயே போனோம். கேட்டருகில் சுசீலா பூ விற்றுக்கொண்டிருந்தார். விரல் பாட்டுக்கு மல்லிகையைக் கட்டிக்கொண்டே போகிறது, கண் எங்கள் மேல் இருக்கிறது. "இத்தக் கொஞ்சம் கட்டிக் காட்டும்மா" என்று இவர் நீட்டினார். சுசீலா வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா நைனா, இத்தக் கட்றதுக்கா படிச்சவங்க மூணு பேரு பின்னாடி நிக்கறாங்க?"

நாங்கள் அரை நாளில் கட்டியதைவிட அதிகமாக அந்த இடைவேளைக்குள் கட்டிக் கொடுத்தார். முடிச்சு ஒன்றுகூட நழுவவில்லை. பூ உதிராமல் கட்டுகிற கைக்கு ஒயர் எம்மாத்திரம்! அடுத்த வாரம் சுசீலா உள்ளே வந்தார். பிறகு அவர் மூலமாக பத்மா, தாயம்மா, பொன்னியம்மா, ஞானம்மாள், எல்லம்மாள், நவநீதம். இவர்களின் பெற்றோர் கழனிகளில் நாற்று நட்டவர்கள். அந்தக் கழனிகளில்தான் இன்று நம் எஸ்டேட் நிற்கிறது. அவர்களைத் தற்காலிகம் என்று எடுத்தார்கள், ஒன்பது வருடமாகத் தற்காலிகம்! இப்போது அவர்கள் கட்டுவது மட்டுமல்ல, வரைபடம் பார்த்து ஒயரிங் முழுவதையும் முடிக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் என் பேனல் ஒன்றை வெளியே கொடுத்துச் செய்து வாங்கினோம். வந்து சேர்ந்ததும் பொன்னியம்மா உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "இத்த ஆன் பண்ணாதீங்க சார், பொகை வரும்" என்றார். பதினேழு ஒயர் இடம் மாறியிருந்தது. ஆன் செய்திருந்தால் புகையோடு நின்றிருக்குமா என்பது எனக்குத் தெரியாது. இன்று அந்த ஒயரிங் வேலையை மறுபடி வெளியே கொடுப்பதற்காகத்தான் இவர்கள் உபரி!

எந்தத் திட்டமும் இவர்களைக் கேட்கவில்லையாம். தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அது பொய்யா? பொய் இல்லை, தோழர்களே. அதைச் சொல்லத்தான் நான் இந்த மேடை ஏறினேன்.

எங்கள் இன்டென்ட் படிவத்தில் ஒயரிங்குக்கு ஒரு கட்டம் உண்டு. ஒன்பது வருடமாக எந்தப் பொறியாளனும் அதை நிரப்பியதில்லை. ஏனென்றால் துலுக்கானமே நிரப்பிவிடுவார். எந்தப் பேனல் எப்போது வரும் என்று எங்களைவிட அவருக்குத் தெரியும். சுசீலாவையும் மற்றவர்களையும் கேட்டு, அவர் கையாலேயே பேர் எழுதிவிடுவார். அது எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிற்று. மே இருபத்து நான்காம் தேதி அவருக்கு நெஞ்சுவலி வந்தது, மருத்துவர் ஒன்றரை மாதம் ஓய்வு என்றார். அந்த வாரக் கடைசியில் படிவங்கள் போக வேண்டும். ஐந்து பொறியாளர்கள், ஒன்பது படிவங்கள். அத்தனையிலும் அந்தக் கட்டம் காலி! அதில் மூன்று என்னுடையவை. நிரப்புகிறவர் படுக்கையில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். முதல்நாள்தான் வேப்பம்பட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் காலியாகவே விட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். சதி இல்லை, கெட்ட எண்ணம் இல்லை. பழக்கம்! அந்த ஏழு பேரை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்கிற பழக்கம். இவர்களை உபரி ஆக்கியது மேலிடத்தின் தாள் என்று நாம் எல்லோரும் மேலே கை நீட்டுகிறோம். அந்தத் தாளுக்கு வெற்றிடத்தைக் கொடுத்தது இந்தக் கை.

அறிவிப்பு ஒட்டிய மறுநாள் மாலை எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அவர் சட்டை போட்டுக்கொண்டு நின்றதை அண்ணியார் முனியம்மா என்னிடம் சொன்னார். அண்ணியாரின் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

"இன்னாத்துக்குயா இப்போ கெளம்பறே? டாக்டரு இன்னா சொல்லிகீறாரு?" என்று அண்ணியார் வாசலை மறித்திருக்கிறார்.

"பசங்க காலியா உட்டு அனுப்பிட்டானுங்க முனியம்மா. நான் போயி எய்தினாதான் ஆவும். எய்திட்டு அடுத்த வண்டியிலே வந்துடறேன்" என்றாராம்.

அடுத்த வண்டியில் அவர் வரவில்லை. போகிற வண்டியிலேயே ஏறவில்லை. வேப்பம்பட்டு நடைமேடையில், ஆறு மணி லோக்கலுக்குக் காத்திருந்த இடத்தில், உட்கார்ந்தபடியே போய்விட்டார். அண்ணியாரே, எல்லோரும் உங்களிடம் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். என்னிடம் ஆறுதல் இல்லை. உங்கள் கணவர் அன்று காலை படுக்கையை விட்டு எழுந்ததற்குக் காரணமானவர்களில் நான் ஒருவன். இத்தனை பேர் முன்னிலையில் அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு மன்னிப்பு வேண்டாம்.

பொது மேலாளர் அவர்களே, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். இன்னும் கொஞ்சம்தான், உங்களிடம்தான் பேசப்போகிறேன்.

நேற்று மாலை என்னை உங்கள் அறைக்கு அழைத்தீர்கள். உட்காரச் சொன்னீர்கள். நல்ல காப்பி கொடுத்தீர்கள். துலுக்கானத்தின் இடத்தை எனக்குத் தருவதாகச் சொன்னீர்கள். ஆனால் மேசைமேல் ஒரு தாள் இருந்தது. உபரிப் பட்டியலுக்குத் திட்டப் பிரிவுப் பொறுப்பாளர் கையெழுத்து இல்லாவிட்டால் அது செல்லாது. இது நம் நிர்வாக விதி, நீங்களே போட்ட விதி. திங்கட்கிழமை பொறுப்பேற்று முதல் வேலையாக அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்கள். பொறியாளர்களும் மேற்பார்வையாளர்களுமாகப் பத்துப் பேர் இருக்க, என்னை ஏன் தேடிப் பிடித்தீர்கள்? "உமக்கும் அவருக்கும்தான் ஆகாதே, உமக்கு என்ன தயக்கம்?" என்று கேட்டீர்கள். பதினான்கு வருடம் நாங்கள் போட்ட கூச்சலைக் கேட்டு, இவன் அவருக்கு எதிரி என்று கணக்குப் போட்டுவிட்டீர்கள்!

ஐயா, எங்களுக்குள் சண்டை எதற்கு நடந்தது? எனக்கு ஆள் வேண்டும் என்று நான் கத்தினேன், ஆளை ஆளாக நடத்து என்று அவர் கத்தினார். ஆள் வேண்டாம் என்று எங்கள் இருவரில் எவனும் ஒருநாளும் கத்தியதில்லையே! கேட்பவனும் கொடுப்பவனும் அடித்துக்கொள்வது வீட்டுச் சண்டை. வீட்டையே பூட்டிக்கொண்டு போக வந்தவருக்கு அதில் யார் பக்கம் கிடைக்கும்?

நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கும் மேலே கேள்வி கேட்க ஆட்கள் இருக்கிறார்கள், தெரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்து பாருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் காலிக் கட்டத்தை அளந்து ஏழு குடும்பத்தைத் தீர்மானிக்காதீர்கள். ஒன்பது படிவத்திலும் வேலை இருக்கிறது. என் மூன்று திட்டங்களில் மட்டும் ஐந்து பேனல்கள் இருக்கின்றன. அவற்றை யார் கட்டுவது?

திங்கட்கிழமை பதில் சொல் என்றீர்கள். ஒருநாள் முன்பாகவே சொல்லிவிடுகிறேன், சாட்சிக்கு முந்நூறு பேர் இருக்கிறார்கள். துலுக்கானத்தின் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்! உங்கள் பட்டியலில் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கும் போட மாட்டேன், முப்பதாம் தேதியும் போட மாட்டேன். கையெழுத்துப் போடாத பொறுப்பாளன் வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால், அந்த அதிகாரம் உங்களுக்கு உண்டு, எனக்கு அதற்குக் கடிதம் கொடுங்கள். இன்னொருவரைக் கொண்டுவந்து உட்கார வையுங்கள். ஆனால் இதோ முதல் வரிசையில் என் சக பொறியாளர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். இன்று காலை என் வீட்டில் கூடி, ஒன்பது படிவங்களையும் திருத்தி எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் அவர் கைக்கு இவைதான் வரும். சங்கமும் துணை நிற்கும் என்று தோழர் தேவராஜ் இப்போது தலையசைக்கிறார். முதல்முறையாக என் பேச்சுக்குத் தலையசைக்கிறார்.

படிவங்களில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சுசீலா அம்மா, பத்மா, தாயம்மா, பொன்னியம்மா, ஞானம்மாள், எல்லம்மாள், நவநீதம்! உங்கள் பேரை எழுதிவிட்டேன், உங்களைக் கேட்காமல். அது தப்பு. இப்போது கேட்கிறேன். ஐந்து பேனல்கள், மூன்று மாத வேலை, நெருக்கடியான தேதி. ஒன்பது வருடம் உங்கள் பேரை எழுதாமல் விட்டவன் கேட்கிறேன். வருகிறீர்களா?

சுசீலா அம்மா ஏதோ சொல்கிறார். பின்னால் உள்ளவர்கள் கொஞ்சம் அமைதியாக இருங்கள். சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா, மேடைக்குக் கேட்கட்டும்.

"கேக்கறதுக்கு இவ்ளோ நாளாச்சா சார் உனுக்கு? வர்றோம்!"

பொது மேலாளர் அவர்களே, கேட்டுக்கொண்டீர்களா? நாளைக் காலை ஏழரை மணிக்கு ஷிஃப்ட். ஏழேகாலுக்கு நான் கேட்டில் நிற்பேன். நாளைக்கும் சரி, முப்பதாம் தேதி கழிந்த பிறகும் சரி, இந்த ஏழு பேரும் உள்ளே போன பிறகுதான் நான் போவேன். அவர்களை உள்ளே விடாவிட்டால் நானும் வெளியேதான் இருப்பேன், என் பின்னால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று கேட்டை மூடிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வணக்கம்.